வண்டிக் கொட்டகையில் பிறந்த கல்விச்சாலை

படிப்பு முடிந்ததும் என்ன ஆகப் போகிறாய் என்று நம் மாணவியரைக் கேட்டால், டாக்டர் என்றும் ஆசிரியை என்றும் நர்ஸ் என்றும் விடைகள் உடனே வந்து விழும். பல் மருத்துவரின் அருகே நின்று அவருக்குத் துணை செய்யும் பெண்ணாக விரும்புகிறேன் என்று சொல்வோர் மிக அரிது. கருவி எடுத்துக் கொடுப்பதற்கும் பல்லைத் துப்புரவு செய்வதற்கும் படிப்பு எதற்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் எண்ணியது. அந்த எண்ணம் தவறு என்று காட்டுவதற்காகவே தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஒருவர். அவர் தொடங்கிய பள்ளிக்குக் கட்டிடம் கிடையாது. ஒரு வண்டிக் கொட்டகைதான் வகுப்பறை. அவர் பெயர் ஆல்ஃப்ரெட் சிவிலியன் ஃபோன்ஸ்.

தந்தை வழியில் தனயன்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்றொரு நகரம் உண்டு. அந்நாளில் அது தையல் இயந்திரங்களும் தோட்டாக்களும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஊர். அங்கே 1869-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் ஃபோன்ஸ் பிறந்தார். தந்தை சிவிலியன் ஃபோன்ஸ் பல் மருத்துவர். அந்நகரின் மேயராகவும் பணியாற்றியவர். மகனும் அதே தொழிலை விரும்பி நியூயார்க் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1890-ல் பட்டம் பெற்றார். பின்பு ஊர் திரும்பித் தந்தையுடன் சேர்ந்து தொழில் செய்யலானார்.

வசதிக்கும் மதிப்புக்கும் குறைவில்லாத வாழ்வு. அப்படியே இருந்திருந்தால் நல்ல டாக்டர் என்று ஊரார் பாராட்டியிருப்பார்கள். சில ஆண்டுகளில் மறந்தும் போயிருப்பார்கள்.

அந்நாளில் பல் மருத்துவம் என்றால் சொத்தை விழுந்த பல்லை அடைப்பது, அடைக்க முடியாததைப் பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் செயற்கைப் பல் வைப்பது என்பவையே. வலி வந்த பிறகுதான் மக்கள் மருத்துவரைத் தேடினார்கள். வலி வராமல் காப்பதும் மருத்துவரின் வேலையே என்று எண்ணியவர்கள் ஒரு சிலரே.

திருப்பம் தந்த சொற்பொழிவு

அந்தச் சிலரில் ஒருவர் பிலடெல்பியா நகரின் டாக்டர் டி. டி. ஸ்மித். தம்மிடம் வருவோரின் பற்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் துப்புரவு செய்து வந்தார் அவர். ஆரஞ்சு மரக் குச்சியின் நுனியில் நுரைக்கல் பொடியைத் தொட்டு ஒவ்வொரு பல்லையும் எல்லாப் பக்கமும் தேய்த்து மெருகேற்றுவார். இப்படிச் செய்தால் சொத்தையும் ஈறுநோயும் குறையும் என்பது அவர் கொள்கை.

1899-ல் பல் மருத்துவர்களின் கூட்டம் ஒன்றில் ஸ்மித் இதைப் பற்றிப் பேசினார். கேட்டுக் கொண்டிருந்தவர்களில் ஃபோன்ஸும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. பிலடெல்பியாவுக்கே சென்று, ஸ்மித்தின் நோயாளிகளின் வாயைத் தம் கண்ணால் பார்த்தார். ஊர் திரும்பியதும் தம்மிடம் வருவோரிடம் அம்முறையைக் கையாளத் தொடங்கினார். ஏறத்தாழ ஐந்தாண்டு செய்து பார்த்த பிறகே அதன் பயனில் அவருக்கு முழு நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கையோடு ஒரு சிக்கலும் பிறந்தது. ஒருவரின் பற்களை முறையாகத் துப்புரவு செய்ய நெடுநேரம் பிடிக்கும். அதையே ஆண்டுக்குப் பலமுறை செய்ய வேண்டும். மருத்துவர் ஒருவர் நாள் முழுதும் இதையே செய்தால், சொத்தையை அடைப்பது யார்? வலியால் துடிப்பவரைக் கவனிப்பது யார்? வசதி படைத்த சிலருக்கு மட்டும் இந்த நன்மை கிட்டினால் போதுமா? தொழிற்சாலைகளில் உழைப்போரின் குழந்தைகளுக்கு யார் செய்வது? இக்கேள்விகள் அவரை விடாமல் தொடர்ந்தன.

ஐரீன் அம்மையார்

விடை அவருடைய அறையிலேயே இருந்தது. உறவுப் பெண்ணாகிய ஐரீன் நியூமன் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்து வந்தார்.

பல் மருத்துவரிடம் பெண்கள் உதவியாளராகச் சேர்வது அதற்குச் சற்று முன்புதான் வழக்கத்திற்கு வந்திருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் டாக்டர் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் 1885-ல் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்திக் கொண்டார். அக்காலத்தில் பெண்கள் துணையின்றித் தனியே மருத்துவரிடம் செல்லத் தயங்குவார்கள். உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்ற அறிவிப்பைச் சாளரத்தில் கண்டதும் அந்தத் தயக்கம் நீங்கியது. ஆயினும் அப்படிச் சேர்ந்த பெண்களுக்கு முறையான பயிற்சி ஏதும் இல்லை. கருவிகளைக் கழுவி வைப்பது, நோயாளியை அமர்த்துவது, மருத்துவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது என்று வேலையோடு வேலையாகவே கற்றுக் கொண்டார்கள்.

ஃபோன்ஸ் ஒரு படி மேலே சென்றார். 1906-ல் ஐரீன் அம்மையாருக்குப் பற்களைத் துப்புரவு செய்யும் பயிற்சியை அளிக்கத் தொடங்கினார். எடுத்த எடுப்பில் நோயாளியின் வாயில் கை வைக்க விடவில்லை. பிடுங்கிய பற்களை வைத்து, அவற்றின் மேல் படிந்த காறையைச் சுரண்டி எடுக்கவும் மெருகேற்றவும் முதலில் பழக்கினார். பல்லின் அமைப்பு, ஈறின் தன்மை, கருவியைப் பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். கை திருந்திய பிறகுதான் நோயாளிகளிடம் வேலை செய்ய அனுமதித்தார். அம்மையாரோ ஆசிரியர் வியக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். வந்தவர்களும் மனநிறைவோடு திரும்பினார்கள்.

1907-ல் கனெக்டிகட் மாநிலத்தின் பல் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாதோர் பல் மருத்துவம் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன அச்சட்டம், உதவியாளர் பற்களைத் துப்புரவு செய்வதற்கு மட்டும் இடம் கொடுத்தது. சிறிய வாசல்தான். ஆனால் அதன் வழியே ஒரு தொழில் உள்ளே நுழைந்தது.

எழுந்த எதிர்ப்பு

பெண்களுக்கு இத்தகைய பயிற்சி தருவதைப் பல மருத்துவர்கள் விரும்பவில்லை. இன்று பல்லைத் துடைப்பவள் நாளை பல்லைப் பிடுங்க மாட்டாளா, பிறகு எங்கள் தொழில் என்னாவது என்று அஞ்சினார்கள். அரைகுறைப் படிப்புடையவரின் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா என்று வேறு சிலர் கவலைப்பட்டார்கள்.

இந்த எதிர்ப்பு வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இருந்த பல் மருத்துவக் கல்லூரி, 1910-ல் பெண் உதவியாளருக்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. அம்மாநிலப் பல் மருத்துவர்களின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் 1914-ல் அது மூடப்பட்டது. அங்கே படித்து முடித்த பெண்களுக்குத் தாம் கற்றதைச் செய்ய வழியில்லாமல் போயிற்று. படிப்பு இருந்தும் அதை ஏற்கும் சட்டமும் சமுதாயமும் இல்லையென்றால், படித்தவள் கதி என்ன என்பதற்கு அது கண்கூடான சான்று.

ஃபோன்ஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். உதவி வேலை ஒரு மதிப்புள்ள தொழிலாக வேண்டுமானால் அதற்கு முறையான கல்வி வேண்டும். சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். தனக்கென்று ஒரு பெயரும் வேண்டும். மூன்றையும் தேடித் தர முனைந்தார்.

கொட்டகை வகுப்பு

1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அவருடைய பள்ளி தொடங்கியது. தம் இடத்தில் இருந்த வண்டிக் கொட்டகையையே அதற்காக ஒழித்துக் கொடுத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பள்ளி ஆசிரியைகள், பயிற்சி பெற்ற நர்சுகள், ஏற்கெனவே பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர்கள், பல் மருத்துவர்களின் மனைவியர் என்று பலதரப்பட்டவர்கள். நன்கு பழகிய ஐரீன் அம்மையாரும் மாணவியருள் ஒருவராக அமர்ந்து, மற்றவர்களுக்குச் செய்முறையும் காட்டிக் கொடுத்தார். தெரிந்தவர்தானே, இவருக்குப் படிப்பு எதற்கு என்று அவரும் எண்ணவில்லை, ஃபோன்ஸும் எண்ணவில்லை.

கொட்டகை என்பதால் பாடமும் எளியதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். யேல், ஹார்வர்ட், பென்சில்வேனியா போன்ற பெரும் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் அங்கே வந்து விரிவுரை நிகழ்த்தினார்கள். உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல், கருவிகளைக் கிருமி நீக்கும் முறை, உணவுச் சத்து, பல்லின் அமைப்பும் நோய்களும், குழந்தைகளுக்குச் சுகாதாரம் கற்பிக்கும் விதம் எல்லாம் பாடத்தில் இருந்தன. மாதிரிப் பற்களில் கை பழகிய பின், பள்ளிக் குழந்தைகளின் பற்களைத் துப்புரவு செய்து பயிற்சி பெற்றார்கள். 1914 ஜூன் திங்களில் முதல் அணியாக 27 பெண்கள் தேறி வெளிவந்தார்கள்.

இவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது? பல் நர்ஸ் என்ற பெயரே முதலில் வழக்கில் இருந்தது. ஃபோன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸ் என்றதும் நோயும் நோய்ப் படுக்கையுமே நினைவுக்கு வரும். இவர்களின் வேலையோ நலமாக இருப்பவரை நலமாகவே வைத்திருப்பது. ஆகவே டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற பெயரைச் சூட்டினார். பல் சுகாதார வல்லுநர் என்று நாம் சொல்லலாம். இன்றும் அப்பெயரே நிலைத்திருக்கிறது.

குழந்தைகளைத் தேடி

ஃபோன்ஸின் உள்ளம் பள்ளிக் குழந்தைகளிடமே இருந்தது. பிரிட்ஜ்போர்ட் பள்ளிகளில் பல் சுகாதாரத் திட்டம் வேண்டும் என்று நகர அதிகாரிகளிடம் அவர் பல ஆண்டுகள் மன்றாடினார். கைவிரித்தவர்களிடமே மீண்டும் மீண்டும் சென்றார். இறுதியில் 5,000 டாலர் ஒதுக்க நகரம் இசைந்தது. கொட்டகையில் படித்துத் தேறிய பெண்கள் பலருக்கு 1914-ல் அத்திட்டத்திலேயே வேலை கிடைத்தது.

எடுத்துச் செல்லக்கூடிய நாற்காலியும் கருவிகளுமாக அவர்கள் பள்ளிக்கே சென்றார்கள். சிறு வகுப்புக் குழந்தைகளின் பற்களைச் சோதித்தார்கள், துப்புரவு செய்தார்கள். வகுப்பறையில் எல்லாரையும் ஒன்றாக நிறுத்திப் பல் துலக்கும் முறையைப் பயிற்றினார்கள். பெரிய வகுப்பினருக்குப் படம் காட்டி விளக்கினார்கள். பெற்றோரைக் கூட்டி அறிவுரை கூறினார்கள். வாயைத் திறக்கவே அஞ்சிய குழந்தைகள் நாளடைவில் நாற்காலியில் தாமே ஏறி அமர்ந்தார்கள். ஐந்தாண்டு முடிவில், திட்டத்தில் சேர்ந்து வளர்ந்த குழந்தைகளிடம் சொத்தைப் பற்கள் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது.

குழந்தைகளுக்கு அவர் காட்டிய எளிய முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பற்களைச் சேர்த்து மூடிக்கொண்டு, பிரஷ்ஷைக் கன்னத்தின் உட்புறமாக வைத்து, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து உட்பக்கத்தையும் மெல்லும் பரப்பையும் தேய்க்க வேண்டும். பிஞ்சுக் கைகளுக்கு ஏற்ற முறை என்பதால் இன்றும் சிறுவர்க்கு இதைக் கற்பிக்கிறார்கள்.

அவர் எண்ணியவை அனைத்தும் முழு உண்மையாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமே பல்லை அரித்துச் சொத்தையாக்குகிறது. ஆகவே வல்லுநரின் துப்புரவு மட்டும் சொத்தையைத் தடுத்துவிடாது. அடிக்கடி இனிப்பு உண்பதைக் குறைப்பதும் ஃப்ளோரைடும் அதற்குத் தேவை. குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் முயற்சி, ஃபோன்ஸ் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின் 1945-ல்தான் அமெரிக்காவில் தொடங்கியது. ஆனால் வருமுன் காக்க வேண்டும், குழந்தைப் பருவத்திலேயே காக்க வேண்டும் என்ற அவரது அடிப்படை எண்ணம் அசையாமல் நிற்கிறது.

சட்டம் தந்த தகுதி

1915-ல் கனெக்டிகட் மாநிலம் டென்டல் ஹைஜீனிஸ்ட் பணியைச் சட்டத்தில் சேர்த்தது. உலகிலேயே இத்தகைய சட்டம் அதுவே முதல். பல்லின் வெளிப்பரப்பில் உள்ள காறையையும் கறையையும் அகற்றலாம். பல் மருத்துவரின் மேற்பார்வையில் மருத்துவமனையிலும் பள்ளியிலும் பணிபுரியலாம். வேறு சிகிச்சை செய்யலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டது. எல்லை தெளிவானதும் மருத்துவர்களின் அச்சம் தணியலாயிற்று. 1917-ல் உலகின் முதல் உரிமம் ஐரீன் நியூமன் அம்மையாருக்கு வழங்கப்பட்டது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் பிடுங்கிய பல்லை வைத்துக் கை பழகிய அதே அம்மையார்தான்.

ஃபோன்ஸ் 1916-ல் ஒரு பாடநூலையும் வெளியிட்டார். மூன்று அணிகளாக 97 பெண்களைப் பயிற்றிய பின் தம் பள்ளியை மூடிவிட்டார். தோல்வியால் மூடவில்லை. பாஸ்டன், நியூயார்க், ராச்செஸ்டர் நகரங்களில் பெரிய நிறுவனங்கள் 1916-ல் இதே கல்வியைத் தொடங்கிவிட்டன. கொட்டகையில் ஏற்றிய விளக்கு மாளிகைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அவர் மகிழ்ந்திருக்க வேண்டும்.

1921-ல் நியூசிலாந்து அரசு பள்ளிக் குழந்தைகளுக்கெனப் பெண்களைப் பல் நர்சுகளாகப் பயிற்றத் தொடங்கியது. 1923-ல் அமெரிக்க ஹைஜீனிஸ்ட்கள் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டே, மருத்துவரின் அருகில் நின்று பணிபுரியும் உதவியாளர்களும் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். நியூயார்க்கில் உதவியாளராக இருந்த ஜூலியட் சதர்ட் அம்மையார் அதன் முதல் தலைவி. உதவியாளருக்கும் கல்வியே முதல் தேவை என்பது அவருடைய உறுதியான கருத்து. நம் நாட்டிலும் 1948-ல் இயற்றப்பட்ட பல் மருத்துவர் சட்டம் டென்டல் ஹைஜீனிஸ்ட்டைத் தனிப் பிரிவாக ஏற்று, அவர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது.

1938 மார்ச்சு 15-ஆம் நாள் ஃபோன்ஸ் மறைந்தார். 1949-ல் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயராலேயே ஒரு பல் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது.

நமக்கு ஒரு பாடம்

அன்பு மாணவியரே, பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அந்தப் பல்லைக் காக்கும் பணி சிறிதன்று. ஒரு பல் மருத்துவமனைக்குள் நுழைந்து பாருங்கள். கருவிகளைக் கொதிநீராவியில் கிருமி நீக்கி வைப்பவர் தவறினால், ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றும். அடைக்கும் மருந்தைப் பதமாகக் கலக்கத் தவறினால், மருத்துவரின் உழைப்பு வீணாகும். அஞ்சி அழும் குழந்தையைத் தேற்றத் தெரியாவிட்டால், அக்குழந்தை மறுமுறை அங்கே வராது. உதவி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதில் இத்தனை பொறுப்பு அடங்கியிருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கும் ஒரு சொல். பெண்ணை வேலைக்கு அனுப்புமுன் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி தரும் இடம் முறையான அனுமதி பெற்றதா, அங்கே தரும் சான்றிதழை ஏற்கிறார்களா என்று விசாரித்த பிறகே சேருங்கள். சின்சினாட்டிப் பெண்களின் நிலை நம் பெண்களுக்கு வரக் கூடாது.

ஃபோன்ஸ் பெரிய மாளிகைக்காகக் காத்திருக்கவில்லை. இருந்த கொட்டகையை ஒழித்தார்; அருகில் இருந்த பெண்ணுக்குக் கற்பித்தார்; அவர் கற்றதை ஊரார் மதிக்கச் செய்தார். ஐரீன் அம்மையாரும் உதவியாளர் என்ற பெயருக்குக் கூசவில்லை. தெரிந்த வேலைதானே என்று படிப்பை ஒதுக்கவுமில்லை. எந்தப் பணியைத் தேர்ந்தாலும் அதை முறையாகக் கற்று, எல்லை அறிந்து, அன்போடு செய்தால் அது நம்மையும் உயர்த்தும், பிறரையும் காக்கும். அடுத்த முறை பல் மருத்துவரிடம் செல்லும்போது, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் சகோதரிக்கும் மறவாமல் நன்றி சொல்லுங்கள்.